செல் பட்ட கைதானே என்று விட்டுவிட்டோம்

மருதமுனையில் எனக்குத் தெரிந்த நெசவாளி ஒருவர் இருக்கிறார். காக்கா என்றுதான் கூப்பிடுவேன். 1990 இல், கிழக்கில் மீண்டும் யுத்தம் மூண்ட மாதங்களில், அவருடைய இடது முழங்கையில் செல் துண்டு ஒன்று பாய்ந்தது. அப்போது அவருக்கு 24 வயது. உயிர் தப்பியது, கையும் தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கி, விறைத்துப் போய் நின்றுவிட்டன. அந்தக் கையோடுதான் அவர் ஏறக்குறைய முப்பது வருடங்கள் தறியில் இருந்தார். ஊரில் யாரும் அந்தக் கையைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தக் கரையோரத்தில் அப்படிப்பட்ட கைகளும் கால்களும் நிறைய.

2019 இல் ஒரு பின்னேரம் அவர் ஒரு பொலித்தீன் பையோடு என் வீட்டுக்கு வந்தார். நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். கட்டாரில் சில வருடங்கள் இழைய ஆய்வுகூடமொன்றில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பைக்குள் இரண்டு அறிக்கைகளும், பிரிக்கப்படாத குளிசை அட்டை ஒன்றும் இருந்தன.

"தம்பி, இதுல கிருமி இல்ல எண்டுதானே எழுதிக் கிடக்கு? பொறகு என்னத்துக்கு எனக்கு இந்தக் குளிசை? இது செல் பட்ட கைதானே?"

அந்தக் குளிசை தொழுநோய்க்கானது. இடது முன்னங்கையின் வெளிப்புறத்தில் இரண்டு வருடமாக ஒரு வெளிறிய படை இருந்திருக்கிறது. தேமல் என்று எண்ணெய் பூசியிருக்கிறார். பிறகு வலது கையின் சுண்டு விரலும் விறைக்கத் தொடங்கியது. நூல் அறுந்தால் விரலுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தோல் நோய் கிளினிக்குக்குப் போனார். வைத்தியர் படையைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், வலது முழங்கையின் பின்புறத்தை விரலால் தடவி நரம்பு தடித்திருப்பதைக் கண்டார், மருந்தை எழுதிக் கொடுத்தார். உறுதிப்படுத்துவதற்காகத் தோலில் ஒரு சிறு துண்டும் எடுத்தார்கள். அந்தத் துண்டில் தொழுநோய்ப் பற்றீரியா எதுவும் தென்படவில்லை என்பதுதான் முதலாவது அறிக்கை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காக்கா ஐந்து கிழமையாக மருந்தைத் தொடவில்லை. மகன் அந்தத் தோல் துண்டு இருந்த மெழுகுக் கட்டியைச் சென்னையில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார். இரண்டாவது அறிக்கை அங்கிருந்து வந்தது. அதில் 'நரம்பு வளர்ச்சிக் காரணி வாங்கி, பொலிகுளோனல் பிறபொருளெதிரி' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி என்ன சொல்கிறது என்று விளக்கத்தான் என்னைத் தேடி வந்திருந்தார்.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பழைய யுத்தக் காயத்தின் பின்னால் புதிய நோயொன்று மறைந்து நிற்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

அறுந்த நரம்பின் வெற்றுக் குழாய்

முழங்கை எங்காவது இடிபட்டால் மின்சாரம் அடித்தது போல் சுண்டு விரல்வரை ஒரு அதிர்ச்சி ஓடும். அங்கே எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கயிறு. உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய நரம்பிழைகள். உணர்வைக் கொண்டுவரும் ஒவ்வோர் இழையும் முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கலத்திலிருந்து விரல் தோல்வரை நீண்டு கிடக்கிறது. அந்த இழைகளை வழி நெடுகிலும் சுற்றிக் காத்து நிற்பவை சுவான் கலங்கள். தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பதப்படுத்துவது போல, அவை இல்லாமல் இழை நிலைக்காது.

செல் துண்டு நரம்பை அறுத்தால், வெட்டுக்கு அப்பால் இருக்கும் நரம்பிழை சில நாட்களில் சிதைந்து போகும். சுவான் கலங்கள் சாவதில்லை. சிதைந்த எச்சத்தைத் துப்புரவாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, இழை திரும்பி வளர்ந்து வருவதற்கு ஒரு வெற்றுக் குழாயைத் திறந்து வைத்திருக்கும். திரும்பி வரும் இழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல்களின் அடிவரை 30 சென்ரிமீற்றர் என்றால் 300 நாள். அதற்கிடையில் வழி அடைபட்டால், அல்லது காத்திருந்த கலங்கள் களைத்துப் போனால், அந்த விரலுக்கு உணர்வு திரும்புவதில்லை.

காத்திருக்கும் நாட்களில் சுவான் கலங்கள் தம் மேற்பரப்பில் ஒரு புரதத்தைப் பெருமளவில் வெளியே தள்ளுகின்றன. அதுதான் அறிக்கையில் இருந்த 'வாங்கி'. பாடசாலை உயிரியல் புத்தகத்தில் படித்த அதே சொல்: வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்தியை வாங்கிக் கலத்துக்குள் கொடுக்கும் புரதம். 1986 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கால் நரம்பை அறுத்து இதைக் காட்டினார்கள். இழை போன பிறகு சுவான் கலங்களில் இந்த வாங்கி மிகுந்தது. இழை திரும்பி வந்து தொட்டதும் மீண்டும் குறைந்தது. வீட்டுக்காரர் வரும்வரை வாசலில் விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பது போன்ற வேலை.

ஒரு படுக்கையறை ஆய்வுகூடம்

இந்த வாங்கி எந்தச் செய்தியை வாங்குகிறதோ, அதற்குப் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி. அதைக் கண்டறிந்தவரின் கதையும் ஒரு யுத்தத்துக்குள்தான் தொடங்குகிறது.

ரீட்டா லெவி-மொண்டால்சினி 1909 இல் இத்தாலியின் டூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். மருத்துவம் படித்தார். 1938 இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தன் படுக்கையறையில் ஒரு சிறு ஆய்வுகூடத்தை அமைத்து, கோழிக் குஞ்சின் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன, ஏன் சாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். குண்டுவீச்சு கடுமையானபோது கிராமத்துக்கு இடம்பெயர்ந்தார். அங்கேயும் முட்டைகளைத் தேடி வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1943 இல் புளோரன்ஸ் நகருக்குத் தப்பி ஒளிந்திருந்தார். பின்னர் அகதிகள் மத்தியில் வைத்தியராக வேலை செய்தார். இடம்பெயர்வதென்றால் என்னவென்று நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

1947 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்குப் போனார். எலியின் கட்டியொன்றிலிருந்து கசியும் ஏதோ ஒன்று நரம்பிழைகளை எல்லாத் திசைகளிலும் வளரச் செய்வதைக் கண்டார். அது என்ன பொருள் என்று பிரித்தெடுக்க உயிர் இரசாயனவியலாளர் ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். கோஹன் ஒரு சோதனைக்காகப் பாம்பு விஷத்தைப் பயன்படுத்தியபோது, அந்த விஷத்திலேயே அந்தப் பொருள் மிக அதிகமாக இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. பின்னர் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது நிறையக் கிடைத்தது. 1986 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லெவி-மொண்டால்சினி 2012 இல், 103 வயதில் காலமானார்.

அவர்களின் வேலையில் ஒரு பகுதி நமது விடயத்துக்கு நேராக வருகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியை முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். முயலின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, அதைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியது. அந்த முயலின் சீரத்தைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஏற்றியபோது, குட்டிகளின் பரிவு நரம்புத் தொகுதி ஏறத்தாழ இல்லாமலே போனது. 1960 இல் அது வெளியானது. அந்தக் காரணி இல்லாவிட்டால் அந்த நரம்புகள் வாழாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அந்த முயல் சீரம் ஒரு பொலிகுளோனல் பிறபொருளெதிரிதான்.

பாம்புக்கடி ஊசியிலிருந்து புரிந்துகொள்ளலாம்

வட்டைக்குப் போனவரைப் பாம்பு தீண்டினால் வைத்தியசாலையில் ஏற்றும் விஷமுறிவு ஊசியை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுவது இந்தியாவில் தயாராகும் மருந்து. குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளை இரத்தத்திலிருந்து பிரித்து எடுக்கிறார்கள்.

பொலிகுளோனல் என்ற சொல்லின் பொருள் இதற்குள் இருக்கிறது. ஒரு பிறபொருளைக் கண்டதும் உடலில் ஒரே ஒரு கலம் மட்டும் விழித்தெழுவதில்லை. பல கலங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றும் அந்தப் பொருளின் வெவ்வேறு மூலையைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை உண்டாக்கி, தன் வம்சத்தைப் பெருக்குகிறது. சீரத்தில் இருப்பது அந்தப் பல வம்சங்களின் கலவை. 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே கலத்தின் வம்சத்தை மட்டும் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து கிடைப்பது மொனோகுளோனல். அது பொருளின் ஒரேயொரு மூலையை மட்டும் பிடிக்கும்.

எங்கள் வேலைக்கு இரண்டும் வேண்டும். மொனோகுளோனல் எந்த வருடம் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் தோல் துண்டைப் போமலினில் ஊறவைத்து மெழுகில் பதிக்கும்போது புரதங்கள் முறுக்கேறிப் போகின்றன. மொனோகுளோனலுக்குத் தேவையான அந்த ஒரு மூலை மறைந்துவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. பொலிகுளோனல் வேறொரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அதன் பலவீனமும் அங்கேதான். பல கைகளில் ஏதாவது ஒரு கை, தேடும் பொருளை விட்டுவிட்டு அதன் சாயல் கொண்ட வேறொன்றைப் பிடித்துவிடலாம். ஒரு முயலிலிருந்து கிடைத்தது அடுத்த முயலில் அப்படியே கிடைப்பதுமில்லை.

வழுக்கியில் கபில நிறம் வரும் வழி

காக்காவின் தோல் துண்டுக்கு நடந்தது இதுதான். மெழுகுக் கட்டியை 4 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, கண்ணாடி வழுக்கியில் ஒட்டுவார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் அது. மெழுகைக் கரைத்து நீக்கிய பின், கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் உப்புக் கரைசலில் வைத்து, போமலின் போட்ட முடிச்சுகளைத் தளர்த்துவார்கள். பிறகு வாங்கியைத் தேடும் முயல் பிறபொருளெதிரியை மேலே ஊற்றிக் காத்திருப்பார்கள். கழுவுவார்கள். அடுத்து, முயலின் பிறபொருளெதிரியையே பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரி. அதோடு ஒரு நொதியம் கட்டப்பட்டிருக்கும். கடைசியாக ஒரு சாயப்பொருளை விட்டால் நொதியம் அதைக் கபில நிறமாக்கும். வாங்கி இருக்கும் இடம் கபிலம். மற்ற இடங்களில் கலங்களின் கரு நீலமாக நிற்கும்.

நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு இரண்டு வாங்கிகள் உண்டு. 1986 இல் மரபணு அறியப்பட்டது பி75. அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 75 ஆயிரம் அலகு என்பதால் அந்தப் பெயர். 1991 இல் அடையாளம் காணப்பட்டது ட்ரக்-ஏ. 'உயிரோடு இரு, வளர்' என்ற செய்தியை முக்கியமாக உள்ளே கொண்டுபோவது ட்ரக்-ஏ. சுவான் கலங்களில் மிகுந்து நின்று கபிலமாகத் தெரிவது பி75.

தலையாட்டியின் சாட்சி

நான் வேலை பழகிய நாட்களில் என் மேற்பார்வையாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கபில நிறம் வந்த வழுக்கியை எவ்வளவு மகிழ்ச்சியோடு நீட்டினாலும், "மற்ற இரண்டும் எங்கே?" என்றுதான் கேட்பார். வாங்கி நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த நரம்புத் துண்டு ஒன்று. அதில் நிறம் வந்தே ஆக வேண்டும். முயல் பிறபொருளெதிரியை ஊற்றாமல் மற்ற எல்லாவற்றையும் செய்த வழுக்கி ஒன்று. அதில் நிறம் வரவே கூடாது. இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் நோயாளியின் வழுக்கியை அவர் பார்க்கவே மாட்டார்.

அந்தக் கண்டிப்பின் அர்த்தம் நமக்கு விளங்கும். யுத்த காலத்தில் முகத்தை மூடிய ஒருவரை வரிசைக்கு முன்னால் இருத்தி, அவர் தலையை ஆட்டியதும் ஆளைக் கூட்டிக்கொண்டு போனதை இந்த மண்ணின் இரண்டு சமூகங்களும் கண்டிருக்கின்றன. தலையாட்டி சரியாகச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, சாயலைப் பார்த்துச் சொன்னாரா என்று யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்காத கபில நிறமும் ஒரு தலையாட்டல்தான். பிறபொருளெதிரி தன்னால் பிடிக்க முடிந்ததைப் பிடிக்கும். பிடித்தது சரியான ஆளைத்தானா என்று பார்ப்பது மனிதனின் வேலை.

சரிபார்க்க இன்னும் வழிகள் உண்டு. முயலுக்கு ஏற்றிய அதே புரதத்தைப் பிறபொருளெதிரியோடு முன்கூட்டியே கலந்துவிட்டால் அதன் கைகள் நிறைந்துவிடும். பிறகு வழுக்கியில் நிறம் வரக்கூடாது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 75 என்ற இடத்தில்தான் கோடு விழ வேண்டும். வாங்கியின் மரபணுவை நீக்கிய சுண்டெலியின் இழையத்தில் நிறம் வரக்கூடாது. இந்த வாங்கிக்காக அப்படியான சுண்டெலி 1992 இல் உருவாக்கப்பட்டது. அந்தச் சுண்டெலியிலும் வாங்கியின் குறுகிய வடிவம் ஒன்று எஞ்சியிருப்பதாக 2001 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆகவே சாட்சியை மட்டுமன்றி, சாட்சியைச் சரிபார்க்கும் அளவுகோலையும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பி75 நரம்புக்கு மட்டும் சொந்தமானதுமல்ல. முடி வேரின் உறையிலும், சிலவகைத் தோல் புற்றுநோய்க் கலங்களிலும் அது இருக்கும். கட்டாரில் நாங்கள் இந்தச் சாயத்தைப் பயன்படுத்தியது பெரும்பாலும் அப்படியான புற்றுநோயைக் கண்டறியத்தான். ஆகவே எந்தக் கலம், எந்த வடிவத்தில், எந்த இடத்தில் கபிலமாக நிற்கிறது என்பதைப் பார்க்காமல் 'நிறம் இருக்கிறது' என்று மட்டும் சொல்வதில் பொருளில்லை.

அந்த வரி என்ன சொன்னது

தொழுநோய்ப் பற்றீரியாவை நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873 இல் கண்டார். அது விரும்பிக் குடியிருக்கும் இடங்களில் ஒன்று சுவான் கலம். மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். தொற்றிலிருந்து நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி வலுவாக உள்ளவர்களில் பற்றீரியா மிகக் குறைவாகவே இருக்கும். அவர்களுடைய தோல் துண்டில் கிருமி தென்படாமல் போவது வழமை. அங்கே நரம்பைச் சிதைப்பது கிருமியைவிட, அதைத் துரத்திக்கொண்டு நரம்புக்குள் புகும் எதிர்ப்புக் கலங்களின் கூட்டம்தான்.

ஆகவே காக்கா பிடித்துக்கொண்டிருந்த 'கிருமி இல்லை' என்ற வரி நோய் இல்லை என்று சொல்லவில்லை. எதிர்ப்புக் கலங்களின் கட்டிகள் அவருடைய தோலில் இருந்தன. அப்படியான கட்டிகள் வேறு சில நோய்களிலும் வரும். அவை நரம்பைத் தாக்குகின்றனவா என்பதே கேள்வி. சாதாரண சாயத்தில் நரம்பு அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. எஸ்-100 என்ற இன்னொரு புரதத்தைத் தேடும் பிறபொருளெதிரியும், பி75 ஐத் தேடும் பிறபொருளெதிரியும் கட்டிகளின் நடுவே துண்டு துண்டாகக் கபிலத்தைக் காட்டின. நரம்பிழையின் உட்புரதத்தைத் தேடிய மூன்றாவது சாயம் ஏறத்தாழ எதையும் காட்டவில்லை. மூன்றையும் சேர்த்து வாசித்தால் வசனம் முழுமையாகிறது: இங்கே ஒரு நரம்புக் கிளை இருந்தது, எதிர்ப்புக் கலங்கள் அதற்குள் புகுந்துவிட்டன, இழை போய்விட்டது, சுவான் கலங்கள் மட்டும் சிதறி நிற்கின்றன. செல் துண்டு இப்படிச் செய்யாது.

"அப்ப அந்தக் கபிலம் எண்டது நரம்பு உசிரோட இருக்கு எண்டா?" என்று காக்கா கேட்டார்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கபிலம் காட்டுவது காத்திருக்கும் கலத்தை. யாருக்காகக் காத்திருக்கிறதோ அவர் வருவாரா என்பதை அது சொல்லாது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "செல் பட்ட கை எண்டு சொன்னா சனம் மரியாதையாப் பாக்கும் தம்பி. இதைச் சொன்னா எப்படிப் பாக்கும்?" என்றார். அவர் ஐந்து கிழமை மருந்து குடிக்காததற்குக் காரணம் அறிக்கையின் வரி அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெட்கத்தின் கணக்கு

அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒல்லாந்தர் 1708 இல் ஹேந்தளையில் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையைக் கட்டினார்கள். 1901 இன் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடம் கொடுத்தது. கிழக்கில் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருந்தது. தீவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதைகளை நம் பாட்டிமார் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

ஆனால் 1983 முதல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசமின் ஆகிய மூன்றும் சேர்ந்த குளிசை. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். இலவசம். மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. யாரையும் எந்தத் தீவுக்கும் அனுப்புவதில்லை. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு 1995 இல் எட்டியது. அதன் பிறகு நோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் கோவிட்டுக்கு முந்திய ஆண்டுகளிலும் வருடத்துக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 புதிய நோயாளர் கண்டறியப்பட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர் பிள்ளை. கிழக்குக் கரையோரமும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

நரம்பு வளர்ச்சிக் காரணியையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். தொழுநோய்ப் படைகளின் தோலில் அந்தக் காரணி குறைந்திருப்பதை 1994 இல் பிரவீன் ஆனந்தும் சகாக்களும் காட்டினார்கள். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அதை ஊசியாகக் கொடுத்த பெரிய பரிசோதனை 2000 இல் பலனில்லை என்று முடிந்தது. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிஞ்சியது. வலியைத் தூண்டுவதிலும் அந்தக் காரணிக்குப் பங்கு உண்டு. கண்ணின் கருவிழி நரம்பு பாதிப்புக்கு மட்டும் அது சொட்டு மருந்தாக 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கையின் நரம்புக்கு இன்றுள்ள நல்ல மருந்து, நேரத்தோடு போவதுதான்.

நேரம் என்று சொல்வது மாதக் கணக்கை. உணர்வு அல்லது பலம் குறைந்து ஆறு மாதத்துக்குள் வந்தவர்களுக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுத்து நரம்பை மீட்க முயல்கிறார்கள். பிந்தப் பிந்த அந்த வாய்ப்புக் குறைகிறது. இதற்குச் சென்னைக்கு அனுப்பும் பரிசோதனை எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளினிக் வைத்தியர் பஞ்சாலும் விரலாலும் கண்டறிந்தது முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. பிறபொருளெதிரியின் சாயம் அதை உறுதிப்படுத்தியது. ஐந்து கிழமை மறுத்த ஒரு குடும்பத்தை நம்பவும் வைத்தது.

யுத்தத்தில் காயப்பட்டவர்களும் அவர்களோடு வாழ்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காயத்தால் வந்த விறைப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். வருடங்கள் கழித்து அது புதிய இடத்துக்குப் பரவினால், மற்றக் கையிலோ காலிலோ தொடங்கினால், தோலில் வெளிறிய அல்லது செந்நிறப் படை வந்து அதில் தொடுகையோ சூடோ தெரியாவிட்டால், அதைச் செல்லின் கணக்கில் எழுதாதீர்கள். கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் ஒரு பஞ்சு நுனியால் மெதுவாகத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேளுங்கள். விரலால் காட்ட முடியாவிட்டால் தோல் நோய் கிளினிக்குக்கோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் பிள்ளைகளையும் காட்டுங்கள். நீரிழிவாலும் விறைக்கலாம், அதையும் வைத்தியரே பார்த்துச் சொல்வார்.

காக்கா அன்று இரவு முதல் குளிசையை விழுங்கினார். இரண்டு கைகளிலும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் 12 மாதச் சிகிச்சை. வலது கைக்கு ஸ்டீரொயிட்டும் கொடுத்தார்கள். சிறுநீர் சிவந்ததையும் முகம் கறுத்ததையும் பார்த்து இரண்டு தடவை மருந்தை நிறுத்தப் பார்த்தார். அது மருந்தின் நிறம்தான் என்று கிளினிக் தாதி விளக்கிய பிறகு தொடர்ந்தார். இடது கை விரல்கள் நிமிரவில்லை. 1990 இன் செல் எவ்வளவை எடுத்தது, பின்னால் வந்த நோய் எவ்வளவை எடுத்தது என்று இனி எந்தச் சாயமும் பிரித்துச் சொல்லாது. தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கும்போது துணி சுற்றித்தான் தூக்குகிறார்.

வலது சுண்டு விரலுக்கு உணர்வு திரும்பிவிட்டது. நூல் அறுந்தால் இப்போது அவருக்குத் தெரிகிறது.